இடக்கை விளைவு

மாமனார்: …வேணும்னா இந்தத் துளைக்கருவி மேல அடிச்சுச் சத்தியம் பண்றேன்மா. முப்பது வருஷம் ரயில்ல என் கையோட இருந்து டிக்கெட் டிக்கெட்டா ஓட்டை போட்டது இது. இனிமே நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்து பொய்யில்லை. கூட்டலும் இல்லை, குறைச்சலும் இல்லை.

மருமகள்: போன தடவை குடை மேல சத்தியம் பண்ணீங்க மாமா. மறுநாளே குடை காணாமப் போச்சு.

மாமனார்: அது குடையோட சுபாவம். சத்தியத்தை ஏன் இழுக்கறே?

மருமகள்: சரி, உக்காருங்க. நான் கேட்டது ஒரே கேள்வி. இடக்கை விளைவுன்னா என்ன?

மாமனார்: …யார் சொன்னது?

மருமகள்: பாத்தீங்களா. 'அப்படின்னா என்ன'ன்னு கேக்கலை நீங்க. 'யார் சொன்னது'ன்னு கேக்கறீங்க.

மாமனார்: டிக்கெட் பரிசோதகரா இருந்தவன்மா நான். கேள்வி கேக்கறது என் வேலை. முழிக்கறது பயணியோட வேலை.

மருமகள்: இன்னைக்கு நான் பரிசோதகர். முழிங்க.

மாமியார்: முழிச்சுக்கிட்டே அந்த டீயையும் குடிங்க. ஆறிப்போச்சுன்னு சொன்னா மறுபடி அடுப்படிக்குப் போக என்னால ஆகாது.

மாமனார்: ஆகா… பாத்தியாம்மா, இது உங்க அத்தை கலக்கின டீ. என்ன இனிப்பு, என்ன பதம். நேத்து நீ கலக்கிக் குடுத்தியே, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருந்தது. தப்பா எடுத்துக்காதே. உன் கை அப்படி.

மருமகள்: என் கை எப்படி?

மாமனார்: ஒண்ணுமில்லை… ஏன் உன் போனை மேஜை மேல கவுத்து வெச்சிருக்கே?

மருமகள்: சார்ஜ் கம்மி. பேச்சை மாத்தாதீங்க. அத்தை, நீங்களும் வந்து உக்காருங்க. இன்னைக்குக் காலையில எங்க தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துல பெரிய கெமிஸ்ட் சார் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கார்.

மாமியார்: யாரு, நீங்கள்லாம் தராசுன்னு கூப்பிடுவீங்களே, அவரா?

மருமகள்: அத்தை… பெரிய கெமிஸ்ட் சார்.

மாமியார்: நீதானே சொன்னே, மத்தியானச் சாப்பாட்டுக்கு உப்பைக்கூட எடை போட்டுத்தான்…

மருமகள்: அத்தை. நான் அப்படிச் சொன்னதே இல்லை.

மாமியார்: சொன்னியேம்மா. நடிச்சுக்கூடக் காட்டினியே.

மருமகள்: அறிவிப்பைக் கேளுங்க. 'இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் கரைந்த ஆக்சிஜன் பரிசோதனையில் கை வைக்கக் கூடாது. காரணம்: இடக்கை விளைவு.' அவ்வளவுதான். அங்க இடக்கைக்காரி நான் ஒருத்திதான்.

மாமியார்: ஐயோ, திங்கட்கிழமை உன் செய்முறைப் பரீட்சையே…

மருமகள்: அதே பரிசோதனைதான் அத்தை. ஏரித் தண்ணில ஆக்சிஜன் எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு அவர் முன்னாடி செஞ்சு காட்டணும். காட்டினா வேலை நிரந்தரம். கை வைக்கவே விடலைன்னா, வெள்ளைக் கோட்டைக் கழட்டி மாட்டிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

மாமனார்: வலது கையால செஞ்சு காட்டேன்.

மருமகள்: நீங்க இடது கையால முகச்சவரம் பண்ணிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்.

மாமியார்: வேண்டாம், வேண்டாம். வலது கையாலயே வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் வருது.

மருமகள்: மாமா, வேதியியல்ல அப்படி ஒரு விளைவே கிடையாது. நான் படிச்ச எந்தப் புத்தகத்துலயும் இல்லை. நெட்ல தேடினேன். ஏழெட்டு வெப்சைட்ல இருக்கு. எல்லாத்துலயும் ஒரே வாக்கியம். 'இடக்கையால் கலக்கப்படும் திரவத்தில் கரைதல் குன்றும். எடுத்துக்காட்டு, தேநீரில் சர்க்கரை.'

மாமனார்: நல்ல நடை.

மருமகள்: இந்தப் புகாரை உலகத்துல ஒருத்தர்தான் தினமும் சொல்றார். நீங்க உக்காந்திருக்கற அதே நாற்காலியில உக்காந்துக்கிட்டு.

மாமனார்: உலகம் பெருசும்மா. நாற்காலியும் நிறைய.

மருமகள்: எழுதினவர் பேர் இருக்க வேண்டிய இடத்துல 'ஓய்வுபெற்ற பரிசோதகர்'னு போட்டிருக்கு.

மாமியார்: ஏங்க, நீங்களா?

மாமனார்: அதுலயும் பொய் இல்லையே. எதைப் பரிசோதிச்சேன்னு நான் சொல்லலை. அவங்களும் கேக்கலை.

மருமகள்: தெரியும். எனக்கு அப்பவே தெரியும்.

மாமனார்: இரு, இரு. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் திட்டு. இதை ஆரம்பிச்சு வெச்சது யாரு? நீ. 'மாமா, எனக்குப் படிக்க நேரமே பத்தலை, சுற்றுச்சூழல் வேதியியலுக்கு நம்பகமான வெப்சைட்டா நாலு பாத்து வைங்க'ன்னு யார் சொன்னா?

மருமகள்: பாத்து வைங்கன்னு சொன்னேன். எழுதி வைங்கன்னு சொல்லலை.

மாமனார்: பாத்தேன்மா. கண்ணு பூத்துப் போற வரைக்கும் பாத்தேன். ஒவ்வொருத்தனும் நெத்தியில எழுதி ஒட்டியிருக்கான், 'நாங்கள் நம்பகமானவர்கள்'னு. ரயில்ல நான் கேக்கறதுக்கு முன்னாடியே 'சார், என்கிட்ட டிக்கெட் இருக்கு'ன்னு எவன் சொல்றானோ, அவன்கிட்ட இருக்கவே இருக்காது.

மாமியார்: ஆரம்பிச்சுட்டார்.

மாமனார்: ஒரு வெப்சைட்ல மழைத் தண்ணில அமிலமே கிடையாதுன்னு போட்டிருக்கு. இன்னொண்ணுல மழையில நனைஞ்சா சட்டை பொத்தல் விழும்னு போட்டிருக்கு. எதை நம்பறது?

மருமகள்: ரெண்டும் தப்பு. காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு கரையறதால சுத்தமான மழைத் தண்ணிகூட லேசா அமிலமாத்தான் இருக்கும். சட்டைக்கு ஒண்ணும் ஆகாது.

மாமனார்: அது உனக்குத் தெரியும். எனக்கு யார் சொல்லுவா? ஒரு வெப்சைட்ல வெள்ளைக் கோட்டு போட்ட ஆள் சிரிக்கிறார், காத்து மாசு நிபுணராம். அதே ஆள், அதே சிரிப்பு, இன்னொண்ணுல மூட்டுவலி டாக்டர். மூணாவதுல மாடியோட வீடு விக்கிறார்.

மாமியார்: உங்களுக்கு டீயில சர்க்கரை அரை ஸ்பூன் போட்டுக்கலாம்னு சொன்ன டாக்டர் இவர்தானா?

மாமனார்: …வீடு விக்கறதுக்கு முன்னாடி சொன்னார்.

மருமகள்: மாமா. இடக்கை.

மாமனார்: வரேன். ரயில்ல நான் ஒரு வழி வெச்சிருந்தேன். பெட்டி பூரா ஆளுங்க. ஒவ்வொருத்தரையா கேட்டா விடிஞ்சுரும். அதனால வாசல்ல நின்னுக்கிட்டு, பக்கத்துல இருக்கறவர்கிட்ட ரகசியமா சொல்ற மாதிரி, ஆனா எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு பொய் விடுவேன். 'அடுத்த ஸ்டேஷன்ல பறக்கும் படை ஏறுதாம்.' அவ்வளவுதான். டிக்கெட் இருக்கறவன் ஜன்னலைப் பாப்பான். இல்லாதவன் எழுந்து கழிப்பறைக்குப் போவான். நான் கழிப்பறை வாசல்ல போய் நின்னா போதும்.

மருமகள்: சரி…

மாமனார்: ஒரு தடவை பெட்டியே காலி. எல்லாரும் வரிசையில நிக்கறாங்க. ரயில் மெதுவா நிக்குது. என்னன்னு போய்ப் பாத்தா வரிசையில கடைசி ஆள் எஞ்சின் டிரைவர்.

மாமியார்: இதையே கல்யாணமான புதுசுல சொன்னப்போ கடைசி ஆள் சமையல்காரர்.

மாமனார்: பதவி உயர்வு வந்திருக்கும்.

மருமகள்: அப்போ… அந்தப் பொய்யை நெட்ல விட்டீங்க.

மாமனார்: பொய்யின்னு சொல்லாதே. தூண்டில். யார் வேணும்னாலும் எழுதிச் சேக்கலாம்னு ஒரு பொது வெப்சைட் இருக்கு பாரு, அதுல நாலே நாலு வரி. எவனெல்லாம் கேள்வி கேக்காம அதை எடுத்துப் போட்டுக்கறானோ, அவன் எல்லாம் கழிப்பறைக்காரன். எவன் எடுக்கலையோ, அவன்கிட்ட டிக்கெட் இருக்கு. நம்பி நீ படிக்கலாம்.

மருமகள்: …இது மோசமான யோசனை இல்லை மாமா. அதான் எனக்குப் பயமா இருக்கு.

மாமனார்: கொஞ்ச நாள்தான். மடமடன்னு எடுத்துக்கிட்டாங்க. ஒருத்தன் அம்புக்குறி போட்டுப் படம் வரைஞ்சிட்டான். ஒருத்தன் இதை ரொம்பக் காலத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டாங்கன்னு எழுதினான். இன்னொருத்தன், தன் வீட்டு மீன் தொட்டியில இடது கையால தண்ணி ஊத்தினதுலேர்ந்து மீனெல்லாம் மூச்சு வாங்குது, வலப்பக்கமாத்தான் நீந்துதுன்னு கண்ணீரோட எழுதியிருக்கான். படிச்சுட்டு நானே துண்டால கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன்.

மருமகள்: நீங்க எழுதின பொய்க்கு நீங்களே அழுதீங்களா?

மாமனார்: மீன் என்ன பாவம் பண்ணுச்சு? அப்புறம் ஒரு கம்பெனி வலக்கைக் கரண்டின்னு ஒண்ணு விக்க ஆரம்பிச்சுது.

மாமியார்: இருங்க. போன மாசம் தபால்ல ஒரு கரண்டி வந்துதே…

மாமனார்: ஆராய்ச்சிக்கு வாங்கினது.

மாமியார்: சாதாரணக் கரண்டிங்க அது. நான் அதுலதான் உப்பு எடுக்கறேன்.

மருமகள்: யாருமே சந்தேகப்படலையா? ஒருத்தர்கூட?

மாமனார்: ஒரே ஒரு இடம். ஒரு பல்கலைக்கழகத்தோட பக்கம். படம் கிடையாது, கலர் கிடையாது, சிரிக்கிற ஆள் கிடையாது. எழுதினவங்க பேரு, என்னைக்குத் திருத்தினாங்க, எந்தப் புத்தகத்துலேர்ந்து எடுத்தாங்க… எல்லாம் கீழே வரிசையா. பாக்கவே தூக்கம் வரும். அங்க என் தூண்டில் செல்லலை. நானே கடிதம் போட்டேன். 'இடக்கை விளைவை நீங்கள் ஏன் சேர்க்கவில்லை?'ன்னு மிரட்டலா.

மருமகள்: பதில் வந்துதா?

மாமனார்: வந்துது. ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. 'எத்தனை தடவை அளந்தீர்கள்? தண்ணீரின் வெப்பநிலை என்ன? அதே மாதிரியை வலது கையாலும் கலக்கிப் பார்த்தீர்களா?' …அவமானமாப் போச்சும்மா. டிக்கெட் பரிசோதகர்கிட்டயே டிக்கெட் கேட்டுட்டாங்க.

மாமியார்: அந்த அம்மா நல்லா இருக்கணும்.

மாமனார்: ஆனா கண்டுபிடிச்சுட்டேன் இல்லையா? அதுதான் உனக்கு நம்பகமான இடம். இவ்வளவு பாடுபட்டு, பொறுக்கியெடுத்து…

மருமகள்: அந்தப் பக்கத்தைத்தான் நான் முதல்லேர்ந்தே படிக்கிறேன் மாமா. எங்க கூடத்துல எல்லாரும் அதைத்தான் படிக்கிறாங்க.

மாமனார்: …அப்போ என்னை எதுக்குத் தேடச் சொன்னே?

மருமகள்: அது… அத்தைதான்…

மாமியார்: நான்தான் சொன்னேன். நீங்க சும்மா இருந்தா சுவர்க் கடிகாரத்தைப் பிரிப்பீங்க. ஏதாவது வேலை குடும்மா, கடிகாரமாவது பொழைக்கட்டும்னு சொன்னேன்.

மாமனார்: இந்த வீட்டுல என்னைத் தவிர எல்லாரும் ஒரு கட்சி. எனக்கு ரொம்ப நாளாவே சந்தேகம்.

மருமகள்: எனக்கும்தான் மாமா சந்தேகம். இவ்வளவு நடந்தப்புறமும் அந்த நாலு வரியை ஏன் நீங்க அழிக்கலை?

மாமனார்: அழிக்காம இருப்பேனா? போய் எழுதினேன். 'இது பொய், இதை எழுதியவன் நானே'ன்னு. எழுதி டீ குடிக்கறதுக்குள்ள தூக்கிட்டாங்க. என்ன காரணம் தெரியுமா? ஆதாரம் இல்லையாம்.

மருமகள்: எது?

மாமனார்: நான் பொய் சொன்னேங்கறதுக்கு. அந்தப் பொய்க்கு இப்போ ஏழெட்டு ஆதாரம் இருக்கு, படத்தோட. நான் சொல்ற உண்மைக்கு ஒண்ணுகூட இல்லை. இப்போ அதுல புதுசா ஒரு தலைப்பு சேத்திருக்காங்க. 'இடக்கை விளைவை மறுப்பவர்கள்'னு. அதுல நான் ஒருத்தன்தான் இருக்கேன்.

மாமியார்: சிரிக்காதேம்மா. உன் வேலை போகுது.

மருமகள்: சிரிக்கலை அத்தை… அழுகை இப்படித்தான் வருது. மாமா, இன்னைக்கு மத்தியானம் நானே செஞ்சு பாத்தேன். ஒரே பாட்டில் தண்ணி. ஒரு தடவை இடது கையால குடுவையைச் சுத்தினேன். ஒரு தடவை, பக்கத்து மேஜைக்காரரை வலது கையால சுத்தச் சொன்னேன். மறுபடி நான், மறுபடி அவர். ரீடிங்ல வித்தியாசமே இல்லை.

மாமனார்: கொண்டுபோய் உங்க தராசு மூஞ்சில காட்ட வேண்டியதுதானே?

மருமகள்: மாமா… மெதுவா. காட்டினேன். அவர் என்ன சொன்னார்னா, 'உன் ரீடிங்ல தப்பில்லை. ஆனா ஒருத்தர் எதையோ கண்ணால பாத்துட்டுத்தானே அப்படி எழுதியிருக்கார்? முதல்ல பாத்தவர் நிஜமாவே ஏதாவது பாத்திருந்தா நான் முறைப்படி விசாரிக்கணும். மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் அறிவிப்பு இருக்கும். ஒண்ணுமே பாக்காம சும்மா எழுதினார்னா இப்பவே கிழிச்சுப் போடறேன்'னு.

மாமியார்: அவர் சொல்றதுல நியாயம் இருக்கு.

மருமகள்: அந்த ஆள் யார்னு எனக்குச் சந்தேகம் இருக்கு சார், வீட்டுக்குப் போய்க் கேட்டுச் சொல்றேன்னேன். 'நீ வந்து சொன்னா நான் எப்படி நம்பறது? நானே கேக்கணும்'னார்.

மாமனார்: அவரே எப்படிக் கேப்பார்?

மருமகள்: கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார்.

மாமனார்: …எங்க?

மருமகள்: அந்தப் போனை நிமித்துங்க.

மாமனார்: …எப்போலேர்ந்து?

மருமகள்: நீங்க சத்தியம் பண்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிலேர்ந்து.

மாமியார்: அடிப்பாவி. தராசு… உப்பு… எல்லாம் கேட்டிருப்பாரே.

மருமகள்: அதனாலதான் அத்தை, அத்தை, அத்தைன்னு அத்தனை தடவை கூப்பிட்டேன். சார், மன்னிச்சுக்கோங்க. மாமா, இப்போ நீங்க ஒரே ஒரு வரி சொன்னாப் போதும். 'நான் எதையும் பாக்கலை, தூண்டிலுக்காகச் சும்மா எழுதினேன்.' இவ்வளவுதான். சொல்லுங்க.

மாமனார்: வணக்கம் சார். நான் ஓய்வுபெற்ற பரிசோதகர் பேசறேன்.

மருமகள்: மாமா…

மாமனார்: இரும்மா. பெரிய மனுஷர் கேக்கறார், அரைகுறையா சொல்லக் கூடாது. சார், தூண்டில்னு சொன்னது வாஸ்தவம். மீன், கரண்டி இதெல்லாம் எனக்குச் சம்பந்தமில்லாதது. ஆனா ஒண்ணுமே பாக்காம எழுதினேன்னு மட்டும் சொல்ல மாட்டேன். டிக்கெட்டைப் பாக்காம நான் ஒருநாளும் ஓட்டை போட்டதில்லை.

மருமகள்: மாமா, வேண்டாம். என் வேலை.

மாமனார்: உன் வேலை முக்கியம்தான். ஆனா உண்மைன்னு ஒண்ணு இருக்கே. சார், நான் தினமும் ரெண்டு வேளை டீ குடிக்கறவன். இந்த வீட்டுல ஒரு வேளை என் மனைவி கலக்குவா, வலது கை. ஒரு வேளை மருமக கலக்குவா, இடது கை. அதே பால், அதே தூள், அதே அளவு சர்க்கரை. வலது கை டீ தித்திக்கும், இடது கை டீ சப்புன்னு இருக்கும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை சார். என் நாக்கு பொய் சொல்லாது.

மருமகள்: அத்தை… நீங்களே சொல்லுங்க. நான் உங்களுக்குக் குடுத்த வாக்கை மீற முடியாது.

மாமனார்: என்ன வாக்கு? என்ன பேசிக்கறீங்க ரெண்டு பேரும்? பாத்தீங்களா சார், நான் சொல்லலை, ஒரு கட்சின்னு…

மருமகள்: சார் லைன்ல காத்துக்கிட்டு இருக்கார் அத்தை. அறிவிப்புப் பலகை முன்னாடி நிக்கறேன்னு மெசேஜ் போட்டிருக்கார்.

மாமனார்: நிக்கட்டும். இப்பக்கூட நிரூபிக்கத் தயார். இதோ இந்தக் கோப்பை, என் மனைவி கலக்கினது. கடைசி வாய் மிச்சம் இருக்கு… ம்… தேன் மாதிரி இருக்கு சார். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? போன வாரம் டாக்டரே ஆச்சரியப்பட்டார், சர்க்கரை இவ்வளவு இறங்கியிருக்கே, எப்படின்னு. எல்லாம் நடைப்பயிற்சின்னேன். இவ்வளவு தித்திப்பாக் குடிச்சும்…

மாமியார்: கெமிஸ்ட் சார், கேக்குதா? நான் அவர் வீட்டுக்காரி பேசறேன். நீங்க அந்தக் காகிதத்தைக் கிழிச்சுடலாம். இவர் நடைப்பயிற்சின்னு போறது தெருமுனை பெஞ்சு வரைக்கும்தான். டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்ன அன்னையிலேர்ந்து, யார் கலக்கினாலும் சரி, எந்தக் கையால கலக்கினாலும் சரி, இந்த வீட்டு டீயில சர்க்கரையே போடறதில்லை.